காஷிமா ஆன்ட்லர்ஸோடு ஒரு சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியக் கால்பந்தைப் பார்த்துப் பழகியவர்கள் ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான ஜே லீக் பக்கம் திரும்பும்போது கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. என் அணியான காஷிமா ஆன்ட்லர்ஸை வைத்தே பதில் சொல்கிறேன். வேறு அணியைப் பிடித்தவர்களுக்கும் பாதி பொருந்தும். மீதிப் பாதிக்கு அவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

ஜப்பானில் மூன்று பிரிவுகளிலும் சேர்த்து அறுபது கிளப். அதில் காஷிமாவை ஏன் பிடிக்க வேண்டும்?

ஊரைப் பார்த்து யாரும் பிடிக்க மாட்டார்கள். டோக்கியோவுக்குக் கிழக்கே, பசிபிக் கரையில், இபராகி மாகாணத்தில் இருக்கிற சின்ன நகரம். மக்கள்தொகை 70 ஆயிரத்தைத் தொடாது. ஊரில் பெரியவை என்று சொல்ல இரண்டுதான்: பழம்பெரும் காஷிமா கோயிலும் இரும்பு உருக்காலையும். அந்த ஆலையை நடத்திய சுமிடோமோ மெட்டல் கம்பெனியின் அணிதான் இன்றைய ஆன்ட்லர்ஸ்.

ஜப்பானில் தொழில்முறை லீக் தொடங்கப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, இந்தக் கம்பெனி அணி பழைய லீக்கின் இரண்டாம் பிரிவில் கிடந்தது. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போய் நின்றார்கள். லீக்கை உருவாக்கிக்கொண்டிருந்த கவாபுச்சி சபுரோ, 99.9999 சதவீதம் நடக்காது என்று சொல்லிவிட்டார். 15,000 பேர் உட்காரும், கூரை போட்ட, கால்பந்துக்கென்றே கட்டிய ஸ்டேடியம் இருந்தால் பார்க்கலாம் என்று ஒரு நிபந்தனையும் போட்டார். அப்போது ஜப்பானில் அப்படி ஒன்று கிடையாது. இவர்களைத் திருப்பி அனுப்பத்தான் அப்படிச் சொன்னார். மாகாண நிர்வாகம் கட்டியே விட்டது.

1991இல் பிரேசிலின் ஜீக்கோ வந்து சேர்ந்தார். உலகமே பார்த்துக் கொண்டாடிய ஆட்டக்காரர், ஜப்பானின் இரண்டாம் பிரிவில், ஒரு ஆலை ஊரில்! 1993 மே 16 அன்று காஷிமாவின் முதல் ஜே லீக் ஆட்டம். இங்கிலாந்து நட்சத்திரம் கேரி லினேக்கரை வாங்கி வைத்திருந்த நகோயா அணியை 5-0 என்று அடித்தார்கள். 40 வயது ஜீக்கோ மூன்று கோல். ஜே லீக்கின் முதல் ஹாட்ரிக் அதுதான்.

அன்று தொடங்கிய பத்து கிளப்புகளில் ஒருமுறைகூடக் கீழ்ப் பிரிவுக்கு இறங்காதவை இரண்டே: யோகோஹாமா எஃப். மரினோஸ், காஷிமா. லீக் பட்டம் மட்டும் ஒன்பது. வேறு எந்த ஜப்பானிய கிளப்பிடமும் அத்தனை இல்லை. ஆக, பாவப்பட்ட சின்ன ஊர் அணி என்று இரக்கப்பட்டு வர வேண்டாம். ஊர்தான் சின்னது.

சீசன் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடியும்?

கொஞ்சம் குழப்பமான நேரத்தில் கேட்கிறீர்கள். 2025 வரை பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தில் முடியும். 2026 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பியக் கணக்குக்கு மாற முடிவெடுத்தார்கள்: ஆகஸ்டில் தொடக்கம், டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை பனிக்கால விடுமுறை, ஜூன் வாக்கில் முடிவு.

இடையில் விழும் அரை ஆண்டை நிரப்ப 2026 பிப்ரவரி முதல் ஜூன் வரை ஒரு தனிப் போட்டி வைத்தார்கள். முதல் பிரிவின் 20 கிளப்புகளையும் கிழக்கு, மேற்கு என்று பத்துப் பத்தாகப் பிரித்தார்கள். டிராவே கிடையாது. 90 நிமிடத்தில் சமமாக இருந்தால் பெனால்டி ஷூட்அவுட். அதில் ஜெயித்தவருக்கு 2 பாயிண்ட், தோற்றவருக்கு 1. ஏறுவதும் இறங்குவதும் இல்லை.

வடக்கே நீகாத்தா, சப்போரோ போன்ற பனி கொட்டும் ஊர்க்காரர்கள் இந்த மாற்றத்தைப் பற்றிப் புலம்புவது நியாயம்தான். என் கணக்கில், ஜப்பானின் ஆகஸ்ட் புழுக்கத்தில் ஓடுகிறவர்களைப் பார்த்தவர்கள் இதை எதிர்க்க மாட்டார்கள். ஆனால் ஆகஸ்டில் தொடங்கும் சீசனிலும் ஆகஸ்ட் இருக்கத்தானே செய்கிறது!

நம் ஊர் நேரத்துக்கு எத்தனை மணிக்கு ஆட்டம்? எங்கே பார்ப்பது?

ஜே லீக்கின் பெரிய வசதியே இதுதான். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மதியம் 2 மணி ஆட்டம் நமக்குக் காலை 10.30. அங்கே இரவு 7 மணி என்றால் நமக்கு மாலை 3.30. சாம்பியன்ஸ் லீக்குக்காக ராத்திரி ஒன்றரை மணிக்கு விழித்து வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஜப்பானுக்குள் ஒளிபரப்பு 2017லிருந்து டாசோன் வசம். வெளிநாடுகளில் உரிமை நாட்டுக்கு நாடு மாறும். உரிமை விற்காத நாடுகளுக்கு ஜே லீக்கின் சர்வதேச யூடியூப் சேனலில் சில ஆட்டங்களை நேரலையாகத் தருவது உண்டு. சீசன் தொடங்கும்போது உங்கள் நாட்டு நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைய ஆட்டங்களின் சுருக்கக் காணொளிகள் எப்படியும் கிடைக்கும்.

ஒரு சீசனில் எத்தனை ஆட்டம்? என்னென்ன கோப்பை?

லீக்கில் 20 கிளப், 38 ஆட்டம். கடைசி மூன்று இடங்கள் கீழே போகும். இதுதவிர லீக் கிளப்புகள் மட்டும் மோதும் லெவைன் கோப்பை, பேரரசர் கோப்பை. ஆசிய அளவில் தகுதி பெற்றால் அதுவும். பேரரசர் கோப்பையில் பல்கலைக்கழக அணிகளும் அமெச்சூர் அணிகளும் மேலே இருப்பவர்களோடு மோதலாம். அதனால் புதன்கிழமை இரவு ஆட்டங்களில் மானம் போகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. முன்பெல்லாம் அதன் இறுதி ஆட்டம் ஜனவரி 1 அன்றுதான். 2017 புத்தாண்டை அந்தக் கோப்பையோடுதான் காஷிமா தொடங்கியது.

நேரில் போக வேண்டும். டிக்கெட், போக்குவரத்து?

டிக்கெட் ஜே லீக்கின் டிக்கெட் தளத்தில் கிடைக்கும். ஆங்கிலப் பக்கமும் இருக்கிறது. தேவையைப் பொறுத்து விலை ஏறி இறங்கும். கோலுக்குப் பின்னால் உள்ள இடம் சுமார் 3,000 யென்னில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பரம எதிரியான உராவா அணியோடு மோதும் ஆட்டம், சீசனின் கடைசி ஆட்டம் இவற்றைத் தவிர்த்தால் இடம் கிடைக்காமல் திரும்ப வேண்டியிருக்காது. இடம் பெரிது: 2002 உலகக் கோப்பைக்காக 40 ஆயிரம் பேர் கொள்ளும்படி விரித்துக் கட்டினார்கள். அர்ஜென்டினா–நைஜீரியா, ஜெர்மனி–அயர்லாந்து, இத்தாலி–குரோஷியா மூன்றும் அங்கே நடந்தவை.

டோக்கியோ ஸ்டேஷனின் யாயெசு தெற்கு வாசலிலிருந்து பேருந்து புறப்படுகிறது. போகும்போது இரண்டு மணி நேரம். திரும்பும்போது எத்தனை மணி நேரம் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் 20 ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் காரைக் கிளப்பினால் என்ன ஆகும்? காஷிமாவின் போக்குவரத்து நெரிசல் எதிரணி ரசிகர்களிடையே ஏளனத்துக்குப் பெயர்போனது. ரயிலும் உண்டு. காஷிமா சாக்கர் ஸ்டேடியம் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, ஆட்ட நாட்களில் மட்டும்தான் பயணிகளுக்காக ரயில் நிற்கும். மற்ற நாளில் அதை நம்பிப் போய்விடாதீர்கள்.

நேரம் இருந்தால் காலையிலேயே போய்க் கோயிலைப் பாருங்கள். வாளுக்கும் வீரத்துக்குமான தெய்வத்தின் இடம். அந்தத் தெய்வம் இங்கிருந்து வெள்ளை மானில் ஏறி நாராவுக்குப் போனது என்பது ஐதீகம். நாராவில் சுற்றுலாப் பயணிகளைத் துரத்தும் மான்களுக்குப் பூர்வீகம் காஷிமா என்பார்கள். கிளப்பின் பெயரில் மான் கொம்பு வந்ததும் இதனால்தான். சீசன் தொடங்குமுன் மொத்த அணியும் கோட்டு சூட்டோடு வந்து இங்கே வேண்டிக்கொண்டு போகும்.

ஸ்டேடியத்தில் சாப்பாடு எப்படி?

இதற்கு மட்டும் தனிப் பக்கம் எழுதலாம். ஜப்பானின் பல ஸ்டேடியங்களில் சாப்பாடு நன்றாகவே இருக்கும், ஆனால் காஷிமாவுக்கு என்றே வருகிற எதிரணி ரசிகர்கள் உண்டு. முதலில் மோத்சுனி. பன்றிக் குடலை முள்ளங்கி, கேரட்டோடு மிசோவில் (புளிக்கவைத்த சோயா விழுது) மணிக்கணக்காக வேகவைத்த குழம்பு. கடைக்குக் கடை ருசி வேறு. எந்தக் கடை உசத்தி என்று ரசிகர்கள் அடித்துக்கொள்வதைக் கேட்டால் மதுரைக்காரர்கள் குடல் கறிக்குக் கடை சொல்வது போலவே இருக்கும். பிப்ரவரிக் கடற்காற்றில் அந்தக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டாலே பாதிக் குளிர் போய்விடும்.

அடுத்தது ஹாம்யாகி, தடிமனான ஹாம் துண்டைக் குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டியது. இபராகி முலாம்பழத்துக்குப் பேர்போன மாகாணம் என்பதால், கோடையில் அரை முலாம்பழத்தையே கிண்ணமாக்கி அதில் கிரீம் சோடா ஊற்றித் தருவார்கள். சைவர்கள் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான். உருளை வறுவலும் முலாம்பழமும் கைகொடுக்கும். மிசோ, சூப் எதிலும் மீன் சாறு இருக்கும் என்று வைத்துக்கொண்டே கேளுங்கள்.

எங்கே உட்கார்வது? பாட்டெல்லாம் தெரியாதே?

கோலுக்குப் பின்னால் போனால் உட்கார முடியாது. 90 நிமிடமும் நின்று, குதித்து, பாட வேண்டும். முரசும் பெரிய கொடிகளும் அங்கேதான். பாட்டுத் தலைவன் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று கூட்டத்தை நடத்துவான். பாவம், பாதி கோலை அவன் பார்த்திருக்க மாட்டான். பாட்டு தெரியாவிட்டால் பரவாயில்லை. வரிகள் குறைவு, திரும்பத் திரும்ப வரும், இரண்டாவது சுற்றில் வாய் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ஆட்டத்தைப் படிக்க விரும்புகிறவர் பக்கவாட்டு மேல்தளத்துக்குப் போங்கள். ஓட்டப் பாதை கிடையாது என்பதால் எங்கிருந்து பார்த்தாலும் மைதானம் கிட்டத்தில்தான்.

இரண்டு கட்டுப்பாடுகள். டின், கண்ணாடி பாட்டில் உள்ளே போகாது, வாசலில் காகிதக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். எதிரணி ரசிகர் பகுதிக்கும் நம் பகுதிக்கும் நிற வேலி உண்டு. தப்பான நிறச் சட்டையோடு நுழைந்தால் யாரும் அடிக்க மாட்டார்கள், மிகுந்த பணிவோடு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஜப்பான் ரசிகர்கள் எல்லோரும் பரம சாதுவாமே? குப்பை பொறுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாமே?

குப்பை எடுப்பது உண்மை. சாது என்பது உலகக் கோப்பைக் காணொளிகளைப் பார்த்து நாமாகக் கட்டிய கதை. 2014 மார்ச்சில் உராவா ஸ்டேடியத்தில், ஜப்பானியருக்கு மட்டும் என்ற பொருளில் ஒரு பேனர் தொங்கியது. அதை உடனே அகற்றாததற்காக அந்த கிளப் ஓர் ஆட்டத்தை ஆளே இல்லாத ஸ்டேடியத்தில் ஆட வேண்டியிருந்தது. ஜே லீக்கில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. 2023இல் நகோயாவில் பேரரசர் கோப்பையில் தோற்றபின் உராவா ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கோப்பையிலிருந்தே கிளப்பை விலக்கி வைத்தார்கள்.

உராவாவை மட்டும் சொல்லி நான் தப்பிக்கக் கூடாது. காஷிமாக்காரர்களும் கோபக்காரர்கள்தான். ஆட்டம் முடிந்ததும் அணி ஒவ்வொரு ஸ்டாண்டின் முன்னும் வந்து வரிசையாகக் குனிந்து வணங்கும். ஜெயித்திருந்தால் பாட்டு. சோம்பலாக ஆடித் தோற்றிருந்தால் கூச்சல் காதைக் கிழிக்கும். பட்டம் இல்லாத ஆண்டு இங்கே தோல்வி ஆண்டு. இரண்டாமிடத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

சீசன் நடுவில் நல்ல ஆட்டக்காரரை ஐரோப்பாவுக்கு விற்றுவிடுகிறார்களே, எப்படித் தாங்குகிறீர்கள்?

ஜே லீக் கிளப்பைப் பின்தொடர்வதில் மிகக் கடினமான பாடம் இது. 2022 கோடையில் உயேதா அயாசே 10 லீக் கோல்களோடு நின்றார், அணியும் பட்டப் போட்டியில் இருந்தது. பெல்ஜியத்திலிருந்து அழைப்பு வந்தது, போய்விட்டார். அணி நான்காமிடத்தில் முடிந்தது. 2019இல் அபே ஹிரோகி பார்சிலோனாவுக்குப் போனார், அதே கோடையில் சுசுகி யூமா பெல்ஜியத்துக்கு. ஐரோப்பாவின் சீசன் இடைவெளி விழும்போது ஜப்பானில் பாதி சீசன்தான் ஆகியிருக்கும். நாட்காட்டியை மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் காஷிமாவில் கதையின் மறுபாதியும் உண்டு. போனவர்கள் திரும்பி வருகிறார்கள். சுசுகி யூமா 2022இல் வந்தார். டிஃபெண்டர் உயேதா நவோமிச்சி 2023 தொடக்கத்தில் வந்தார். 2016 கிளப் உலகக் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு கோல் போட்ட ஷிபசாகி காகு, ஸ்பெயினில் பல ஆண்டு ஆடிவிட்டு 2023 செப்டம்பரில் வந்தார். அந்த இறுதி ஆட்டத்தில் 60ஆவது நிமிடத்துக்கு முன்பு வரை காஷிமா 2-1 என்று முன்னிலையில் இருந்தது. கூடுதல் நேரத்தில் 4-2 என்று தோற்றார்கள், ரொனால்டோ மூன்று கோல். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

அதனால் சொல்கிறேன்: விமான நிலையத்தில் வழியனுப்பும்போது சட்டையைக் கிழித்துப் போடாதீர்கள். மடித்து வையுங்கள்.

பட்டம் கடைசி நாளில்தான் முடிவாகுமாமே?

பெரும்பாலும். மூன்று கடைசி நாட்களைத் தெரிந்துகொண்டால் காஷிமாவின் குணம் பிடிபட்டுவிடும்.

2007: அதற்கு முந்தைய எட்டு ஆட்டத்தையும் தொடர்ந்து ஜெயித்து வந்தார்கள், இருந்தும் கடைசி நாள் காலையில் உராவாதான் முதலிடம். உராவாவுக்கு எதிரே, ஏற்கெனவே கீழ்ப் பிரிவுக்குப் போவது உறுதியான யோகோஹாமா எஃப்சி. அதனிடம் உராவா 0-1 என்று தோற்றது. காஷிமா 3-0 என்று ஷிமிசுவை வென்று கோப்பையை எடுத்தது. அடுத்த இரண்டு ஆண்டும் அவர்களே.

2017: இந்த முறை முதலிடத்தில் காஷிமா. இவாதாவில் ஒரு வெற்றி போதும். 0-0. அதே நேரத்தில் கவாசாகி ஃப்ரோன்டாலே 5-0 என்று வென்றது. இருவருக்கும் 72 பாயிண்ட், கோல் வித்தியாசத்தில் கவாசாகிக்கு முதல் பட்டம். அன்று கவாசாகியின் பயிற்சியாளர் ஓனிகி தோரு, காஷிமாவில்தான் ஆட்டக்காரராகத் தொடங்கியவர்.

2025: கவாசாகிக்கு நான்கு பட்டம் வாங்கிக் கொடுத்த அதே ஓனிகியை காஷிமா கூட்டி வந்தது. முதல் ஆட்டமே ஷோனானிடம் 0-1 தோல்வி. (அந்த ஷோனான் ஆண்டு முடிவில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, லீக் அப்படிப்பட்டது.) கோடைத் தொடக்கத்தில் வரிசையாகத் தோற்று, மறுபடி ஒரு வெறுங்கை ஆண்டுதான் என்று எல்லோரும் முணுமுணுத்த நேரத்தில், ஜூலை 20 அன்று காஷிவா ரெய்சோலை 3-2 என்று வென்றார்கள். அதன்பின் லீக்கில் தோற்கவே இல்லை. டிசம்பர் 6, சொந்த ஸ்டேடியம், எதிரே மரினோஸ். லெயோ செயரா இரண்டு கோல், 2-1. ஒன்பது ஆண்டுக்குப் பின் பட்டம். இரண்டாமிடம் ஒரே பாயிண்ட் பின்னால் காஷிவா. ஜூலையில் சாதாரண ஓர் ஆட்டமாகப் பார்த்தது டிசம்பரில் என்னவாகிறது பாருங்கள். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது கோல்கீப்பர் ஹயகாவா தொமோகிக்குக் கிடைத்தது. கோல்கீப்பருக்கு அது கிடைப்பது 2010க்குப் பிறகு அதுவே முதல்முறை. எல்லா ஆட்டமும் பார்த்தவர் யாரும் அதில் ஆச்சரியப்படவில்லை.

பட்டியலை மட்டும் பார்க்கிறவர் கடைசி வாரம் வந்தால் போதும். சீசனைப் பார்க்கிறவர் ஜூலையில் இருக்க வேண்டும்.

யாரை வெறுக்க வேண்டும்?

உராவா. இதில் விவாதம் இல்லை. கவாசாகி மேல் 2017 பாக்கி இருந்தது, ஓனிகி வந்தபின் அது எப்படிக் கணக்காகும் என்று தெரியாமல் நாங்களே விழிக்கிறோம். புதிதாக மிதோ ஹோலிஹாக்: அதே இபராகி மாகாணம், கிளப் வரலாற்றில் முதல்முறையாக 2025இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்திருக்கிறது. அவர்களை வெறுக்க இன்னும் மனம் வரவில்லை. எங்களை இரண்டு முறை தோற்கடித்தால் வந்துவிடும்.

சட்டை வாங்கலாமா? எந்த எண்?

அசல் சட்டை 15,000 யென்னைத் தாண்டும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆட்டக்காரர் பெயரோடு வாங்கினால் அவர் அடுத்த கோடையில் பெல்ஜியத்தில் இருக்கலாம், மேலே சொன்னேன். பாதுகாப்பான எண் 12. காஷிமாவில் அது ரசிகர்களுக்கென்றே ஒதுக்கியது, எந்த ஆட்டக்காரரும் அணிவதில்லை. பணம் மிச்சம் பிடிக்க விரும்பினால் கழுத்துத் துண்டு போதும்.

ஆட்டமில்லாத மாதங்களில் ரசிகர் என்ன செய்வார்?

கிளப்பின் அறிவிப்புகளைப் பார்த்து நெஞ்சு படபடப்பார். சீசன் முடிந்ததும் ஒவ்வொருவராக யாருக்கு ஒப்பந்தம் நீட்டிப்பு, யாருக்கு இல்லை, யார் ஓய்வு என்று வரும். கடைசி உள்ளூர் ஆட்டத்துக்குப் பின் பயிற்சியாளரும் தலைவரும் மைக் பிடித்துப் பேசும் சடங்கை மட்டும் தவறவிடாதீர்கள். மொழி புரியாவிட்டாலும் யார் அழுகிறார்கள் என்று தெரியும்.

மழை வந்தால்?

ஆட்டம் நடக்கும். இருக்கையில் குடை விரிக்கக் கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். கூரை இருந்தாலும் முன்வரிசைகள் நனையும். மழைக்கோட்டு எடுத்துப் போங்கள், கூடவே பையைப் போட்டு மூட ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர். செல்போனைவிட மோத்சுனிக் கிண்ணத்தை முதலில் காப்பாற்றுங்கள்.